ஸ்டாவரன் துறையில் அளந்தது

சங்கம் என்னிடம் கேட்டது ஓர் அட்டவணை:
இரண்டு படகு, ஒரே ஏரி,
எந்தக் காற்றில் எது முந்தும்,
எத்தனை நொடியில்.
கொடுத்தது ஒரு ரப்பர் படகு,
கைக்கு அடங்கிய காற்றுமானி,
நனைந்தாலும் எழுதும் பென்சில்.

கட்டுமரம் என்றுதான் இதற்கும் பெயர்.
மரம் எங்கும் இல்லை, கரிநார்.
கட்டு இருக்கிறது: இரண்டு ஓடு, நடுவே வலை,
ஏறி உட்கார ஒரே ஆள்.
ஓடுகளை நெருக்கிக் கட்டினால் கவிழ்ந்துவிடும்.

புதியது யில்டோவுடையது.
வளைந்த பலகைகள்
தண்ணீரைவிட்டு அரை முழம் அதைத் தூக்கும்.
பழையது வீப்ரனுடையது.
பதினாறு வயது, இடது ஓட்டில் இரண்டு ஒட்டு.
மூன்று கோடைக்கு முன்புவரை
இருவரும் வேறொரு பெரிய படகில் ஒன்றாக ஓடியவர்கள்.
அவள் சுக்கான், அவன் கம்பியில் தொங்குபவன்.
ஒரே வீடு, ஒரே கடன்.
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

முதல் நாள் நாலு நாட்.
நாலு என்பது மரியாதைக்கு.
ஏரி ஆறிய பால்;
மேலே ஆடை மட்டும் அசைந்தது.
யில்டோ முன்னால் போய்க் குந்திக்கொண்டாள்,
இருமக்கூடப் பயந்தவள்போல.
தூக்கும் பலகை தூக்க வழியின்றி
பின்னே இழுத்தது.
வீப்ரன் காலையில் சாப்பிடாமல் வந்திருந்தான்,
அந்த முக்கால் கிலோவுக்காக.
இல்லாத காற்றைப் பாயில் பொறுக்கிச் சேர்த்து
பூனைபோலக் கடந்துபோனான்.
கடிக்கத் தெரியாத கொசுக்கள்
என் தாளில் ஒட்டிச் செத்தன.
பழையது முன்னே, நாற்பத்தொரு நொடி.

அப்புறம் நாலைந்து நாள் மழை.

இருபத்திரண்டு நாட் அடித்த அன்று
அணைக்கரையில் ஆடுகள் எல்லாம்
காற்றுக்கு முதுகு காட்டி நின்றன.
யில்டோவின் படகு ஏரியைத் தொடவே கூசியது.
அது போவதைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை;
இழுத்துக் கட்டிய கம்பி பல்லைக் கடிப்பது
மட்டும் கேட்டது.
பின்னால் வீப்ரனின் மூக்கு அலைக்குள் போயிற்று.
வால் எழுந்து, பாய்மரம் குப்புற விழுந்து,
கொடியிலிருந்து பிய்ந்த சட்டைபோல அவன்.
நான் மோட்டாரை முறுக்குவதற்குள்
எல்லைக்கோட்டுக்கு முப்பது மீட்டர் இருக்கையில்
அவள் திரும்பினாள்.
கவிழ்ந்த ஓட்டின் மேல் இருவரும் ஏறி
கயிற்றைப் பிடித்துப் பின்னே சாய்ந்தார்கள்.
அந்தக் காற்றில் அதை நிமிர்த்த
ஒருவர் எடை போதாது.
குறிப்பேட்டில்: ஓட்டம் செல்லாது.

பதினாறில் புதியது, பன்னிரண்டு நொடி.
ஏழில் பழையது, ஒன்பது.
இவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

பதினொன்று கடைசி வியாழக்கிழமை கிடைத்தது.
எழலாமா என்று புதியது யோசிக்கிற காற்று,
பழையதற்கு மூட்டு வலி மறக்கிற காற்று.
மூக்கும் மூக்கும் நேராக,
நடுவே ஆறு மீட்டர் தண்ணீர்,
விலகவும் இல்லை, குறையவும் இல்லை.
அவன் ஏதோ கத்தினான்.
‘என்ன?’ என்று அவள் கத்தினாள்.
அவன் மறுபடி கத்தினான்.
சிரிப்பா, பழைய பாக்கியா, பாயின் படபடப்பா,
காற்றுமானியில் தெரியாது.
மஞ்சள் மிதவையை மூன்று தரம் சுற்றச் சொல்லியிருந்தேன்.
ஊதலை ஊதினேன்.
ஐந்து சுற்றினார்கள்.

வித்தியாசம்: பூஜ்யம்.
அழுத்தி எழுதிவிட்டேன்போல,
ஈரத்தாள் வட்டமாகக் கிழிந்து வந்துவிட்டது.

செயலாளர் ரிங்ஸ்மா அம்மையார்
தாளை விளக்குக்கு நேரே பிடித்தார்.
‘பதினொன்றில் ஓட்டை இருக்கிறதே?’
‘அதுதான் விடை’ என்றேன்.
கணினியில் சுத்தமாக 0.0 என்று தட்டினார்.
நடுவே புள்ளி வேண்டுமா என்று கேட்டார்.
இருக்கட்டும் என்றேன்.